ஓரப் படங்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்ளறைக்கு மூன்று மீட்டர் நீளம்தான். கண் பார்ப்பதற்கான எழுத்துப் பலகையோ பார்ப்பவரிடமிருந்து ஆறு மீட்டர் தள்ளி இருந்தாக வேண்டும். ஆகவே கண்ணாடிக்காரர் பலகையை நாற்காலிக்குப் பின்னால், உட்காருபவரின் தலைக்கு மேலே மாட்டி, எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியைப் பதித்திருந்தார். பலகையிலிருந்து கிளம்பும் ஒளி மூன்று மீட்டர் போய், கண்ணாடியில் பட்டு, மூன்று மீட்டர் திரும்பி வரும். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பதால் பலகையின் எழுத்துகளே திருப்பித்தான் அச்சிடப்பட்டிருந்தன.

இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, இந்த ஏற்பாட்டைப் பார்க்க ஓர் இயற்பியல் ஆசிரியை தன் மாணவிகள் பன்னிரண்டு பேரோடு கடைக்கு வந்தார். இடவல மாற்றம் என்ற பாடத்தைப் புத்தகத்தில் படிப்பதைவிட இங்கே காட்டினால் மறக்காது என்றார். மறுவாரம் வேறு பன்னிரண்டு பேரோடு வந்தார். மூன்றாம் முறை தனியாக வந்தார். தெருவில் எல்லோரும் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். திருமணத்துக்குப் பிறகு கண்ணாடிக்காரரும் அப்படியே கூப்பிட்டார். பிள்ளைகள் இல்லை. ஆண்டுக்கு நூற்று இருபது பிள்ளைகள் இருக்கிறார்கள், போதாதா என்று டீச்சர் சொல்லிக்கொள்வார்.

ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் டீச்சர் அந்த நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். அது வீட்டு வழக்கம். கண்ணாடிக்காரர் சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் வைத்து, ஒவ்வொரு வில்லையாகச் செருகி எடுத்துப் பார்ப்பார். டீச்சர் மேல்வரியிலிருந்து கடைசி வரி வரை ஓர் எழுத்தில்கூடத் தடுமாறாமல் படிப்பார். படித்து முடித்ததும், "அடியில அச்சகத்தோட பேரு இருக்கே, அதையும் படிக்கட்டுமா?" என்று கேட்பார். ஆறு மீட்டரில் தெரிய வேண்டியது ஆறு மீட்டரில் தெரிந்தால் அது ஆறுக்கு ஆறு, முழுப் பார்வை. என் வீட்டுக்காரி அதற்கும் ஒருபடி மேல் என்று வாடிக்கையாளர்களிடம் கண்ணாடிக்காரர் பெருமையடித்துக்கொள்வார்.

வாடிக்கையாளர்களிடம் அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய எவரையும் அவர் வெறும் கண்ணாடியோடு அனுப்பியதில்லை. மேசையின் இழுப்பறையில் ஆளுக்கு ஒரு அட்டை. அட்டையில் வயது நாற்பதுக்கு மேல் என்றால், பக்கத்தில் இருக்கும் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்துக் கண் டாக்டருக்கு எழுதிக் கொடுப்பார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் வலிக்காது, எழுத்தெல்லாம் நன்றாகவே தெரியும், பார்வை ஓரத்திலிருந்துதான் போகும், போனது தெரியவே தெரியாது, அதனால் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள் என்று சொல்வார். ஒரே ஏற்ற இறக்கத்தில், பேருந்து நடத்துநர் நிறுத்தங்களைச் சொல்வதுபோல, ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தார்.

டீச்சருக்கு அட்டை இல்லை. வீட்டு ஆளுக்கு எதற்கு அட்டை?

அந்த ஆண்டு, வட்டாரத்துப் பள்ளிகளின் எல்லா இயற்பியல் வகுப்புகளிலும் தொங்கவிட ஒரு சுவர்ப்படம் தயாரிக்கும் பொறுப்பு டீச்சருக்கு வந்தது. ஒளி பற்றிய முப்பத்தைந்து சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் பொருள். ஒளிப் பாடத்தை அவரைப்போல் நடத்த ஆள் இல்லை என்று தலைமையாசிரியையே சொல்லிக் கொடுத்த வேலை அது. டீச்சர் அதற்கு முன் எந்த வேலையையும் அவ்வளவு ஆசையோடு செய்து கண்ணாடிக்காரர் பார்த்ததில்லை. மாலையில் கடையை அடைத்துவிட்டு அவர் வீட்டுக்கு வரும்போது சாப்பாட்டு மேசை முழுவதும் துண்டுத்தாள்கள் பரவிக் கிடக்கும். அலைநீளம்: ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம். அதிர்வெண்: ஒரு நொடியில் கடந்து செல்லும் அலைகளின் எண்ணிக்கை. நிறமாலை: வெள்ளை ஒளி நிறங்களாகப் பிரிந்து நிற்கும் வரிசை. மாய பிம்பம்: கண்ணால் காணலாம், திரையில் பிடிக்க முடியாது.

ஒவ்வொரு வரியையும் டீச்சர் உரக்கப் படிப்பார். கண்ணாடிக்காரர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே குற்றம் கண்டுபிடிப்பார். ஒளி விலகல் என்ற சொல்லுக்கு, வேறு ஊடகத்துக்குள் நுழையும்போது ஒளி தன் பாதையை மாற்றுவது என்று எழுதியிருந்தார் டீச்சர்.

"நேர் செங்குத்தா நுழைஞ்சா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நுழைஞ்சா?"

"பாதை எங்க மாறுது? விறுவிறுன்னு நேராத்தானே போகும். நீ தப்பா எழுதி, பிள்ளைங்க தப்பா படிச்சு, நாளைக்கு எவனாவது லென்ஸ் செய்ய வந்து என் தாலிய அறுக்கவா?"

டீச்சர் தாளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு 'சாய்வாக' என்ற சொல்லை நுழைத்து எழுதினார். "கடைக்காரருக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்றார். ஆனால் அன்று இரண்டாம் முறை கறி பரிமாறப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரின் தம்பி வருவார். வேன் ஓட்டுபவர், வாய் ஓயாதவர். அக்கா நடந்தால் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் உதை விழுகிறது என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை. உண்மையில் விழுந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக டீச்சர் கதவு விளிம்பில் தோளை இடித்துக்கொண்டார். கைக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டார். திறந்து கிடந்த அலமாரிக் கதவில் நெற்றியை மோதிக்கொண்டார். ஒளிப் பாடம் தலையில் ஓடிக்கொண்டிருந்தால் கால் எங்கே தரையில் பாவும் என்று கண்ணாடிக்காரர் கேலி செய்தார். அவர் வைத்த பட்டப்பெயர் புயல். டீச்சர் அறைக்குள் நுழையும்போதெல்லாம், "வழி விடுங்க, புயல் வருது" என்பார். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பார். டீச்சரும் சிரிப்பார்.

ஒருமுறை தம்பி சிரிக்காமலே ஒன்றைச் சொன்னார். பள்ளி வாசலில் அக்காவுக்குப் பக்கத்திலேயே வேனை நிறுத்தியும் அக்கா திரும்பவில்லையாம், ஹாரன் அடித்த பிறகுதான் துள்ளினாராம். "கூடப் பொறந்தவன கண்டுக்கவே இல்ல மாமா, டீச்சருக்குத் தலைக்கனம்" என்று முடித்ததால் அதுவும் நகைச்சுவைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஜன்னல் பக்கத்து வரிசையில் இருக்கும் பிள்ளைகள் கை தூக்கினால் டீச்சர் கேட்பதே இல்லை, ஓரவஞ்சனை செய்கிறார் என்று வகுப்பில் புகார் எழுந்ததையும் டீச்சர் அப்படித்தான், சிரிக்க வேண்டிய செய்தியாக, வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அன்று படுக்கும்வரை அவர் முகம் சரியாக இல்லை. இத்தனை ஆண்டுகளில் ஓரவஞ்சனை என்று யாரும் சொன்னதில்லை என்றார்.

அச்சகத்திலிருந்து சுவர்ப்படத்தின் மாதிரித்தாள் வந்தது. அதன் அகலமே ஓர் ஆள் உயரம் இருந்தது. டீச்சர் அதைக் கூடத்துச் சுவரில் ஊசி குத்தி மாட்டி, கையெட்டும் தூரத்தில் நின்று, மூன்று மாலைகள் திருத்தினார். முப்பத்தைந்து சொற்களிலும் ஒரு புள்ளி தப்பவில்லை. கையெழுத்திட்டு அனுப்பினார்.

டீச்சர் எழுதிக் கொடுத்தவை முப்பத்தைந்து சொற்கள் மட்டுமே. ஆனால் இரு ஓரங்களிலும் வெற்றிடம் கிடந்ததைப் பார்த்த அச்சகக்காரர், நல்லெண்ணத்தில், இடப்பக்கம் ஒரு குவிலென்ஸையும் வலப்பக்கம் ஒரு குழிலென்ஸையும் பெரிதாக வரைந்து சேர்த்திருந்தார். நடுவில் பருத்த படத்தின் கீழே குழிலென்ஸ் என்றும், நடுவில் மெலிந்த படத்தின் கீழே குவிலென்ஸ் என்றும் பெயர்கள் மாறி விழுந்திருந்தன. 'ஓரப் படங்களைச் சேர்த்திருக்கிறோம், சரிபார்க்கவும்' என்று தாளின் மேல் மூலையில் பென்சிலால் ஒரு குறிப்பும் இருந்தது. இருநூறு பிரதிகள் அச்சாகி அத்தனை பள்ளிகளுக்கும் போய்விட்டன. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் முதலில் எழுந்து நின்று கேட்டாள்.

கண்ணாடிக்காரர் அந்த மாதிரித்தாளைக் கூடத்தில் மூன்று நாளும் கடந்து போனவர். ஓரப் படங்களை அவர் பார்த்திருந்தார். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. டீச்சர் திருத்தும் தாளை நாம் எதற்குப் படிக்க வேண்டும்?

தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவ்வளவு பெரிய படங்கள் எப்படிக் கண்ணில் படாமல் போயின என்று கேட்டார். அப்படிப் படங்கள் இருந்ததே தனக்குத் தெரியாது என்றார் டீச்சர். அந்தப் பதிலை யார் நம்புவார்கள்? உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா, கண்ணில் கோளாறு இருக்கிறதா என்று தலைமையாசிரியை கனிவாகவே விசாரித்திருக்கிறார். டீச்சர் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னபோது கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. தன் மனைவியின் கண்ணைப் பற்றி, அதுவும் கண்ணாடிக்காரன் மனைவியின் கண்ணைப் பற்றி, ஒருவர் சந்தேகப்படுவதா? மறுநாள் காலையிலேயே கடையின் பெயர் அச்சிட்ட தாளில், இன்னாரை ஆண்டுதோறும் நானே பரிசோதித்து வருகிறேன், பார்வை ஆறுக்கு ஆறு, குறை எதுவும் இல்லை என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, தானே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்தச் சான்றிதழ்தான் முடிவை எழுதியது. கண்ணில் குறையில்லை என்றால் குறை கவனத்தில். கவனக்குறைவு என்ற சொல் பதிவேட்டில் ஏறியது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் ஒளிப் பாடம் டீச்சரிடமிருந்து எடுக்கப்பட்டு, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணுக்குப் போயிற்று. ஓராண்டு பார்க்கலாம், பிறகு திருப்பித் தருவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார் தலைமையாசிரியை. டீச்சர் வீட்டுக்கு வந்து, மேசையில் மிச்சமிருந்த துண்டுத்தாள்களை அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு, அலமாரிக்குள் வைத்தார். மாலையில் எதையும் உரக்கப் படிக்கவில்லை. அடுத்தடுத்த மாலைகளிலும் படிக்கவில்லை. கண்ணாடிக்காரர் எதையாவது குற்றம் சொல்லிப் பேச்சைத் தொடங்கப் பார்த்தார். குற்றம் சொல்ல வரிகள் இல்லை.

ஆய்வகத்தில் டீச்சரின் சொந்தப் பொருள்கள் கொஞ்சம் இருந்தன: இரண்டு முப்பட்டகங்கள், ஒரு பெட்டி லென்ஸ்கள், அவரே செய்த ஒரு ஊசித்துளைக் கேமரா. அவற்றை எடுத்துவர டீச்சர் போகமாட்டேன் என்றார். சனிக்கிழமை மதியம் கண்ணாடிக்காரர் போனார். புதிய ஆசிரியை தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். தான் கேட்டு இந்தப் பாடம் தனக்கு வரவில்லை என்று இரண்டு முறை சொன்னார்.

பெட்டியோடு திரும்பும்போதுதான் கண்ணாடிக்காரர் கரும்பலகையைப் பார்த்தார். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்ட பலகை. அதன் நடுப்பகுதி மட்டும் எழுதி எழுதி அழித்துச் சாம்பல் பூத்துத் தேய்ந்திருந்தது. இரு ஓரங்களும் நேற்று வண்ணம் பூசியதுபோல் கன்னங்கரேலென்று மினுங்கின.

"டீச்சர் எப்பவும் நடுவுலதான் சார் எழுதுவாங்க" என்றார் புதிய ஆசிரியை. "அவங்க வகுப்புல நான் உதவிக்கு நின்னிருக்கேன். ஓரத்துல நான் ஏதாவது எழுதினா அதைத் தொடவே மாட்டாங்க. மரியாதைக்குன்னு நினைச்சேன்."

கண்ணாடிக்காரர் பெட்டியை மேசைமேல் வைத்தார். டீச்சர் நின்று எழுதும் இடத்தில் போய் நின்றார். எதிரே சாம்பல் பூத்த பகுதியின் இடது எல்லையையும் வலது எல்லையையும் பார்த்தார். தூரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்றால் கோணம் எவ்வளவு என்று அவர் தலை தானாகவே கணக்குப் போட்டது. முப்பது ஆண்டுத் தொழில் அது. சுவரில் தொங்கிய சுவர்ப்படத்தின் முன் போய்க் கையெட்டும் தூரத்தில் நின்று மறுபடியும் கணக்குப் போட்டார். முப்பத்தைந்து சொற்களும் அந்தக் கோணத்துக்குள் தலையைச் சற்று அசைத்தால் அடங்கின. ஓரப் படங்கள் அடங்கவில்லை. கதவு விளிம்பும் தண்ணீர்க் குவளையும் தம்பியின் வேனும் ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகளின் தூக்கிய கைகளும் வரிசையாக வந்து அதே கணக்கில் பொருந்தின. புதிய ஆசிரியை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மறந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

வீட்டில் டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு, முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்தார்.

"என் மூக்கையே பாரு. கண்ணைத் திருப்பாதே. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் விரலை ஆட்டிக்கிட்டே கொண்டு வருவேன். தெரிஞ்ச உடனே சொல்லு."

"இது என்ன புது விளையாட்டு?" என்றார் டீச்சர். ஆனாலும் மூக்கைப் பார்த்தார். சொன்னதைச் சரியாகச் செய்வது அவர் சுபாவம்.

கண்ணாடிக்காரர் இரு கைகளையும் விரித்து, அவருடைய காதுகளுக்கு நேராக வைத்து, சுட்டுவிரல்களை ஆட்டத் தொடங்கினார். நல்ல கண்ணுக்கு அங்கேயே தெரிந்துவிடும். டீச்சர் பேசாமல் இருந்தார். விரல்கள் மெல்ல முன்னால் நகர்ந்தன. தோள், கன்னம், கண்ணின் கடைக்கோடி. டீச்சர் பொறுமையாக, இலேசான புன்னகையோடு, மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்துக்கு இருபுறமும் ஒரு சாண் தூரத்தில் இரண்டு விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்றார் டீச்சர்.

கண்ணாடிக்காரரின் கைகள் அப்படியே நின்றன. ஓரத்தில் எதையும் காணாத டீச்சரின் கண்களுக்கு எதிரே இருந்த கணவரின் முகம் ஒரு கோடு பிசகாமல் தெரிந்தது. அச்சகத்தின் பெயரைப் படிக்கும் கண்கள் அல்லவா? புன்னகை மறைந்தது. அவர் மெதுவாகத் தலையை இடப்பக்கம் திருப்பினார். கணவரின் கையைப் பார்த்தார். வலப்பக்கம் திருப்பினார். அந்தக் கையையும் பார்த்தார். பிறகு மடித்துக்கொண்டிருந்த துணியை எடுத்து மடித்து முடித்தார்.

கண் டாக்டர் அம்மாள் அழுத்தத்தை அளந்தார், நரம்பைப் பார்த்தார், ஒளிப்புள்ளிகள் தோன்றும் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். முடிவு ஒரு தாளில் அச்சாகி வந்தது. கறுப்பு வட்டம், நடுவில் ஒரு சிறு வெளிச்சம். டீச்சர் அதைக் கையில் வாங்கி, பாடப் படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மையத்திலேர்ந்து எத்தனை டிகிரி, டாக்டர்?"

"பதினஞ்சு இருக்கும்மா."

"ஆனா எனக்குக் கறுப்பா எதுவும் தெரியலையே. இருட்டுன்னா இருட்டாவது தெரியணும். அங்க இருட்டுகூட இல்லை. அங்க ஒண்ணுமே இல்லை."

அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டுமருந்து இருக்கிறது, ஒரு நாள்கூட விடாமல் விட்டுவர வேண்டும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் ஏறக்குறைய முழுவதையும் காப்பாற்றியிருக்கலாம். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் டாக்டர், கூட வந்தவர் யார் என்று தாளில் பார்த்தார். முகம் மலர்ந்தது. அந்தக் கடைக்காரரா நீங்கள், உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று இருந்தேன் என்றார். மாதத்துக்குப் பத்துப் பேராவது உங்கள் சீட்டோடு வருகிறார்கள், அதில் எத்தனை பேரை நேரத்தோடு பிடித்திருக்கிறோம் தெரியுமா, எல்லாக் கடைக்காரர்களும் இப்படி இருந்தால் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், எதிரே இருந்த இருவரின் முகங்களையும் பார்த்து, வாக்கியத்தை முடிக்காமல் சொட்டுமருந்தின் பெயரை எழுதத் தொடங்கினார்.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். டீச்சர் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தெருக்கள் கடந்தன.

"நாப்பது தாண்டின எல்லாருக்கும் எழுதுவீங்க, இல்ல?"

"எழுதுவேன்."

"எனக்கு அம்பத்தொண்ணு."

சொல்வதற்குக் கண்ணாடிக்காரரிடம் ஒன்று இருந்தது. உன்னை நான் வாடிக்கையாளராக நினைக்கவில்லை என்பது. அவளுக்கு நாற்பது ஆன பிறகு வந்த பதினோரு ஆண்டுகளில் ஆயிரம் பேருக்குக் கொடுத்த கவனத்தை அந்த நினைப்புத்தான் இவளுக்குக் கொடுக்கவிடாமல் செய்தது என்பதை அப்போது அவர் தெளிவாகக் கண்டார். அதைச் சொன்னால் அன்பைக் காட்டித் தப்பிப்பதுபோல் இருக்கும். சட்டைக் கையைப் பிடித்திருந்த விரல்கள் தளரவில்லை, இறுகவும் இல்லை.

சான்றிதழை என்ன செய்வது என்ற கேள்வி ஒரு வாரம் வீட்டில் நின்றது. பேசாமல் விட்டால் டீச்சர் கவனக்குறைவானவர். ஆனால் அடுத்த ஆண்டு ஒளிப் பாடம் ஒருவேளை திரும்ப வரலாம். உண்மையைச் சொன்னால் பெயர் மீளும். ஆனால் கண்ணாடியும் நெருப்பும் புழங்கும் ஆய்வகத்தில், ஓரத்தில் எதையும் காணாத ஒருவரை யார் நிற்க விடுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பிக்கு விஷயம் தெரிந்தது. அன்று அவர் எந்த நகைச்சுவையும் சொல்லவில்லை. பேசாமல் இருந்துவிடு அக்கா, அவங்களா வந்து அளக்கப் போறாங்க என்று மட்டும் சொல்லிப் பார்த்தார்.

"அளக்க மாட்டாங்க" என்றார் டீச்சர். "ஆனா ஜன்னல் பக்கத்துப் பிள்ளைங்க கை தூக்கிக்கிட்டே இருக்கும்." பிறகு கணவரிடம் திரும்பினார். தலை முழுவதையும் திருப்பித்தான் இப்போது பார்க்கிறார். "பாடத்தைக் கேக்காதீங்க. கவனக்குறைவுன்னு எழுதியிருக்காங்களே, அதை மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் கடையின் பெயர் அச்சிட்ட தாளிலேயே எழுதினார். நான் கொடுத்த சான்று நடுப்பார்வைக்கு மட்டுமே பொருந்தும்; ஓரங்கள்வரையான பார்வைப் புலத்தை நான் அளக்கவில்லை; அளக்க அனுப்பியிருக்க வேண்டியவன் அனுப்பவில்லை; பிழை என்னுடையது, அவருடையது அல்ல. முத்திரை குத்தி, தானே கொண்டுபோய்க் கொடுத்தார். தலைமையாசிரியை இரண்டு முறை படித்தார். பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, அவர் கண்ணெதிரேயே அந்தச் சொல்லை அடித்து, கையெழுத்திட்டார். ஒளிப் பாடத்தைப் பற்றி அவர் பேசுவதற்கு முன்பே கண்ணாடிக்காரர் எழுந்துவிட்டார். பேசியிருந்தாலும் வேறொன்றும் இருந்திருக்காது. டீச்சருக்குக் கீழ்வகுப்புக் கணக்குப் பாடம் ஒதுக்கப்பட்டது. சிறிய அறை, இரண்டே வரிசை.

சுவர்ப்படங்களில் ஓரப் படங்களின் கீழே பெயர்களைத் திருத்தி ஒட்டச் சொல்லி எல்லாப் பள்ளிகளுக்கும் தாள் போயிற்று. முப்பத்தைந்து சொற்கள் அப்படியே இருந்தன. ஒளி விலகலில் 'சாய்வாக' என்பதும் இருந்தது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் வந்தது. நாற்காலியைப் பற்றிக் கண்ணாடிக்காரர் பேச்செடுக்கவில்லை. மதியம் டீச்சரே கடைக்கு வந்தார். உள்ளறைக்குள் போகாமல், மேசைக்கு முன்னால், வாடிக்கையாளர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு அட்டை எழுதுங்க."

கண்ணாடிக்காரர் இழுப்பறையைத் திறந்து வெற்று அட்டை ஒன்றை எடுத்தார். பெயர் எழுதினார். வயது எழுதினார். தொழில் என்ற இடத்தில் ஆசிரியை என்று எழுதினார். முன்பு கண் பார்த்தது என்ற வரியில் பேனா நின்றது.

"எழுதுங்க" என்றார் டீச்சர். "இருபத்து நாலு வருஷம். வருஷா வருஷம்."

"யாருன்னு..."

"வீட்டுக்காரர்னு எழுதுங்க. உண்மைதானே?"

எழுதினார். டீச்சர் அட்டையை வாங்கி, இடது மூலையிலிருந்து வலது மூலைவரை, புதிதாகப் பழகியிருந்த விதத்தில் தலையை நகர்த்தி நகர்த்தி, மாதிரித்தாளைத் திருத்துவதுபோல் ஒவ்வொரு வரியாகப் படித்தார். அடியில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் படித்தார், படித்ததாகச் சொல்லவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டிக் காத்திருந்தார். எதற்கு என்று கண்ணாடிக்காரருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து, எழுதி, அந்தக் கையில் வைத்தார். சொல்ல வேண்டிய வாசகத்தை அவரால் சொல்ல முடியவில்லை. டீச்சர் சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அவர் வாசல் பக்கம் திரும்பியதும், அவர் உட்கார்ந்திருந்து இப்போது வழியில் நின்ற முக்காலியைக் கண்ணாடிக்காரர் அவசரமாகக் குனிந்து அப்பால் இழுத்தார். அது தரையில் உரசும் சத்தம் கேட்டு டீச்சர் நின்றார்.

"நகத்தாதீங்க" என்றார். "அது அங்க இருக்குன்னு மனசுல வெச்சிருக்கேன்."

கண்ணாடிக்காரர் முக்காலியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். டீச்சர் கையை நீட்டி அதன் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.